அடைபட்ட காலுக்குப் பக்கவழி: நடைப்பயிற்சியை முறையாகச் செய்வது எப்படி

“தொடைக் குழாய் முழுசா அடைச்சிருக்கு. ஆனா கொலாட்டரல்ஸ் நல்லா வந்திருக்கு. இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், நல்லா நடங்க.” ரத்தநாள ஓ.பி.யில் இதைக் கேட்டுவிட்டு வெளியே வருபவருக்கு இரண்டு குழப்பம் இருக்கும். முழுதாக அடைத்த குழாயை எப்படி அப்படியே விட்டுவைக்கலாம்? நடந்தால்தானே வலிக்கிறது, பிறகு ஏன் நடக்கச் சொல்கிறார்கள்? எவ்வளவு, எப்படி நடப்பது என்பதை விளக்க அந்த நெரிசலில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை. இந்தக் குறிப்பு அதற்காக. கொலாட்டரல்ஸ் என்பது அடைப்பைச் சுற்றி ரத்தம் போகும் பக்கவழிக் குழாய்கள்.

பக்கவழி எங்கே இருக்கிறது?

தொடையில் இறங்கும் பெரிய தமனி அதிகமாக அடைபடும் இடம் முழங்காலுக்குச் சற்று மேலே. அங்கே அது தசைநாரால் ஆன ஒரு வளையத்தின் வழியாக நுழைந்து முழங்காலின் பின்பக்கம் போகிறது. அந்த இடம் மூடிக்கொண்டால் ரத்தம் மேலேயே பிரிந்துவிடும் ஆழ்தொடைத் தமனிக்குள் திரும்புகிறது. அதன் கிளைகள் தொடைத்தசைகளுக்குள் இறங்கி, முழங்காலைச் சுற்றி வலைபோல் பின்னியிருக்கும் சிறு தமனிகளோடு சேர்கின்றன. அந்த வலை வழியாக ரத்தம் அடைப்புக்குக் கீழே மறுபடி பெரிய குழாயை வந்தடைகிறது. இடுப்பில் அடைத்தால் வயிற்றுச்சுவர், முதுகின் கீழ்ப்பகுதிக் கிளைகள் இதே வேலையைச் செய்கின்றன.

இந்த இணைப்புகள் பிறவியிலேயே இருப்பவை. நூல் மாதிரி மெலிந்து கிடக்கும், அவ்வளவுதான். பெரிய குழாய் அடைத்ததும் கீழே அழுத்தம் விழுகிறது. மேலே அப்படியே இருக்கிறது. இந்த வித்தியாசம் மெல்லிய குழாய்களுக்குள் ரத்தத்தை வேகமாகத் தள்ள, அந்த உரசலை உட்சுவர்ச் செல்கள் உணர்கின்றன. ஒருவகை வெள்ளணுக்கள் வந்து சுவரில் ஒட்டிக்கொள்ள, சுவரின் தசைச்செல்கள் பெருகி, சில வாரங்களில் குழாய் தடித்து அகலமாகிறது.

“ரத்தம் போகாத இடத்தில் புதுக்குழாய் முளைக்கும்” என்று பரவலாகச் சொல்வது பாதிதான் சரி. பட்டினி கிடக்கும் கெண்டைக்காலில் முளைப்பவை மயிரிழை போன்ற தந்துகிகள். அவை ஒரு தமனியின் வேலையைச் செய்யா. உண்மையான பக்கவழி அகலமாவது தொடையில், ரத்தம் வேகமாக ஓடும் இடத்தில். அந்த வேகத்தைக் கூட்டுவதற்கு நம் கையில் இருக்கும் வழி கெண்டைக்கால் தசையை வேலை வாங்குவது. தசை உழைக்கும்போது அதன் சிறு தமனிகள் விரிகின்றன, கீழே அழுத்தம் இன்னும் இறங்குகிறது, பக்கவழியில் ஓட்டம் கூடுகிறது. மடையைத் திறந்தால்தானே வாய்க்காலில் தண்ணீர் விரைந்து ஓடும்.

இந்தப் பக்கவழியை முதலில் நம்பித் துணிந்தவர்களில் ஒருவர் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர். 1785 டிசம்பரில் லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் 45 வயதுக் குதிரைவண்டிக்காரர் ஒருவருக்கு முழங்காலின் பின்னே தமனி பலூன்போல வீங்கியிருந்தது. காலை வெட்டுவதற்குப் பதில், தொடையின் நடுவில் தமனியைக் கட்டி ரத்தத்தை நிறுத்தினார் ஹன்டர். கால் பிழைத்தது, சுமார் ஆறு வாரத்தில் வண்டிக்காரர் வீடு திரும்பினார். தொடையில் அந்தத் தமனி தசைகளுக்கு நடுவே ஓடும் கால்வாய்க்கு இன்றும் ஹன்டர் கால்வாய் என்றே பெயர். இன்று கொழுப்பு படிந்து அதிகம் அடைபடுவதும் அதன் கீழ்முனையில்தான்.

பக்கவழியால் எவ்வளவு முடியும் என்பதில் பேராசை வேண்டாம். குழாயின் விட்டம் பாதியானால் அதில் ஓடும் ரத்தம் 16-இல் 1 பங்காகிவிடும். 6 மி.மீ. குழாய் ஒன்று செய்த வேலைக்கு 3 மி.மீ. குழாய்கள் 16 வேண்டும். சும்மா இருக்கும் காலுக்குத் தேவை குறைவு என்பதால் பக்கவழி போதுகிறது. நடக்கும்போது தேவை பல மடங்காவதால் போதாமல் வலிக்கிறது.

நடக்கத் தொடங்கும் முன்

முதலில் வலி ரத்த ஓட்டக் குறைவால்தானா என்று பாருங்கள். தமனி அடைப்பு வலி பெரும்பாலும் கெண்டைக்காலில், ஏறக்குறைய அதே தூரத்தில் ஒவ்வொரு முறையும் வரும். நின்றாலே சில நிமிடத்தில், அதிகம் போனால் 10 நிமிடத்தில் போய்விடும். உட்காரவேண்டிய அவசியம் இருக்காது. உட்கார்ந்தால் அல்லது முன்னால் குனிந்தால்தான் குறைகிறது, சைக்கிள் மிதித்தால் வருவதில்லை என்றால் முதுகெலும்பில் நரம்பு நெருக்குவதாக இருக்கலாம். அதற்கு இந்தப் பயிற்சி பொருந்தாது.

அடுத்து, கணுக்கால் அழுத்த விகிதம். ரிப்போர்ட்டில் ஏ.பி.ஐ. என்று இருக்கும். எடுக்கும் முறை எளிது, ஆனால் அவசரப்பட்டால் தவறாகும். 5 முதல் 10 நிமிடம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். இரண்டு கைகளிலும் பி.பி. பட்டையைக் கட்டி, ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் டாப்ளர் கருவியால் மேலழுத்தத்தை எடுக்கிறார்கள். பிறகு கணுக்காலுக்குச் சற்று மேலே பட்டை. உள்கணுவின் பின்பக்கமும் பாதத்தின் மேற்பக்கமும் ஜெல் வைத்து டாப்ளரின் ‘உஷ்’ ஒலியைக் கண்டுபிடிக்கிறார்கள். ஒலி மறைந்த பிறகு இன்னும் 20 ஏற்றி, நொடிக்கு 2 வீதம் இறக்கி, ஒலி திரும்பும் எண்ணைக் குறிக்கிறார்கள். கணுக்காலின் இரண்டு எண்ணில் பெரியதை, கைகளின் இரண்டு எண்ணில் பெரியதால் வகுக்க வேண்டும். கையில் 150, 144. கணுக்காலில் 96, 90 என்றால் 96-ஐ 150-ஆல் வகுக்க 0.64.

0.90 அல்லது அதற்குக் கீழ் என்றால் அடைப்பு உண்டு. 1.00 முதல் 1.40 வரை சரி. இடையில் இருப்பது எல்லைக்கோடு. 1.40-ஐத் தாண்டினால் மகிழ வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் தமனிச் சுவரில் சுண்ணாம்பு படிந்து, பட்டை அழுத்தினாலும் குழாய் நசுங்காது. அதனால் எண் பொய்யாக உயர்ந்து தெரியும். அவர்களுக்குக் கால் பெருவிரலில் அழுத்தம் எடுக்க வேண்டும். அந்த விகிதம் 0.70 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு. வீட்டு டிஜிட்டல் பி.பி. மெஷினைக் கணுக்காலில் கட்டிப் பார்ப்பது, அதுவும் அடைப்புள்ள காலில், நம்பத்தக்கது அல்ல.

நடைப்பயிற்சியைத் தொடங்கவே கூடாதவர்கள்: படுத்திருக்கும்போதே பாதம் வலிப்பவர்கள், இரவில் காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால்தான் தூக்கம் வருபவர்கள், விரலில் கறுப்பு அல்லது ஆறாத புண் உள்ளவர்கள், கணுக்கால் அழுத்தம் 50-க்குக் கீழே இருப்பவர்கள். இவர்களின் காலில் பக்கவழி ஏற்கெனவே தோற்றுவிட்டது. மாதக்கணக்கில் நடந்து பார்க்க அவகாசம் இல்லை. ஸ்டென்ட் அல்லது பைபாஸ் பற்றி உடனே பேச வேண்டும். காலில் அடைப்பு உள்ளவருக்கு இதயத்திலும் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் ஈ.சி.ஜி., எக்கோ பார்த்து இதய மருத்துவரின் ஒப்புதலோடு தொடங்குங்கள். கால்வலி நடையை நிறுத்தியிருந்ததாலேயே நெஞ்சுவலி வெளியே தெரியாமல் இருந்திருக்கலாம். நடை கூடும்போது அது தலைகாட்டும்.

எப்படி நடப்பது

வாரத்தில் குறைந்தது 3 நாள், குறைந்தது 12 வாரம். இதற்குக் கீழே செய்துவிட்டுப் பலன் இல்லை என்று சொல்லக் கூடாது.

வலியை 0 முதல் 4 வரை எண்ணிப் பழகுங்கள். 0 வலி இல்லை. 1 லேசான பிடிப்பு. 2 நன்றாகத் தெரியும் வலி, ஆனால் பேச்சுக் கொடுத்தால் மறக்கும். 3 கடும் வலி, கவனத்தைத் திருப்ப முடியாது. 4 தாங்கவே முடியாது. 2-ஐத் தாண்டி 3-ஐத் தொடும்போது நிற்க வேண்டும். முழுப் பயிற்சியின் சூட்சுமமும் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

ட்ரெட்மில் என்றால் மணிக்கு 3.2 கி.மீ., சரிவு இல்லாமல் தொடங்குங்கள். வெளியே என்றால் இது நிமிடத்துக்குச் சுமார் 53 மீட்டர். 25 மீட்டர் நீளமுள்ள தெருவையோ மொட்டை மாடியையோ அளந்து குறித்துக்கொண்டால், நிமிடத்துக்கு இரண்டு நீளம் என்பது ஏறக்குறைய இந்த வேகம். 3 முதல் 5 நிமிடத்துக்குள் வலி தொடங்கும் வேகமே உங்கள் வேகம். 10 நிமிடம் ஆகியும் வலி வரவில்லை என்றால் மெதுவாக நடக்கிறீர்கள். ஒரு நிமிடத்திலேயே 3-க்குப் போனால் வேகம் அதிகம்.

முதல் நாள் இப்படி இருக்கும்: 5 நிமிடம் மெதுவாக நடந்து உடலைச் சூடாக்குங்கள். பிறகு உங்கள் வேகத்தில் நடங்கள். 3-ஆவது நிமிடத்தில் வலி தொடங்குகிறது, 5-ஆவது நிமிடத்தில் 3-ஐத் தொடுகிறது, நில்லுங்கள். நின்றோ உட்கார்ந்தோ, வலி முழுக்க 0 ஆகும்வரை காத்திருங்கள். 3 நிமிடம் ஆகலாம். மறுபடி நடங்கள். நடை, ஓய்வு எல்லாம் சேர்த்து 35 நிமிடம் ஆனதும் முடித்துவிடலாம். இதில் உண்மையில் நடந்தது 20 நிமிடம்தான் இருக்கும், அது போதும். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி 50 நிமிடத்துக்குக் கொண்டுவாருங்கள்.

ஒரே மூச்சில் 8 முதல் 10 நிமிடம் நடக்க முடிந்த நாளில் கடினமாக்க வேண்டும். ட்ரெட்மில்லில் சரிவை 1 அல்லது 2 சதவீதம் ஏற்றுங்கள், அல்லது வேகத்தை 0.3 கி.மீ. கூட்டுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். வெளியே நடப்பவர்கள் வேகத்தைக் கூட்டலாம், அல்லது ஏற்றமான தெருவைத் தேர்ந்தெடுக்கலாம். ஏற்றத்தில் கெண்டைக்கால் அதிகம் உழைக்கும், வலி சீக்கிரம் வரும். நமக்கு வேண்டியதும் அதுதான்.

ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு எண் எழுதுங்கள்: வலி தொடங்கிய நிமிடம், நின்ற நிமிடம். நான்கு வாரம் கழித்துப் புரட்டினால் முதல் எண் நகர்ந்திருப்பது தெரியும். எழுதாதவர்கள் முன்னேற்றத்தைக் கவனிக்காமலே ஆறாவது வாரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

எங்கே தவறுகிறது?

அதிகம் நடக்கும் தவறு, வலி தொடங்கியதுமே நிற்பது. “வலி வராமல் மெதுவாக நடங்கள்” என்று வீட்டில் சொல்வது அன்பினால்தான், ஆனால் பயன் இல்லை. 2021-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் வலிக்காத அளவுக்கு மெதுவாக நடந்தவர்கள், 6 நிமிடத்தில் நடக்கும் தூரத்தில், பயிற்சியே செய்யாதவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு முன்னேறவில்லை. வலிக்க நடந்தவர்கள் முன்னேறினார்கள். இந்த வலியால் தசை அழுகிவிடாது. ஓய்வில் போய்விடும் வலி சேதத்தின் அடையாளம் அல்ல.

நேர் எதிர்த் தவறு 4 வரை போவது. கால் இழுபட்டு நொண்டத் தொடங்கும், எடை மறுகாலில் விழும், அடுத்த நாள் முழங்கால் வலிக்கும். வலி பாதி குறைந்ததும் கிளம்புவதும் இப்படியே. அடுத்தடுத்த சுற்றுகள் சுருங்கி, கடைசியில் நடந்ததைவிட நின்றதே அதிகமாகிவிடும்.

சர்க்கரை நோயால் நரம்பு மரத்துப்போனவர்களுக்கு வலி எண்ணிக்கை பொய் சொல்லும். அவர்கள் வலிக்குப் பதில் கால் கனத்துத் துவண்டுபோவதை அளவாக வைத்துக்கொள்ளலாம், பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருப்பது நல்லது. பாதத்தை ஒவ்வொரு முறையும் நடப்பதற்கு முன்னும் பின்னும் பாருங்கள். அடிப்பாதத்துக்கு ஒரு கண்ணாடி, விரலிடுக்குக்கு ஒரு டார்ச். விரல்கள் நெருக்காத, முன்பக்கம் அகலமான ஷூ, அல்லது பின்பட்டை உள்ள, மென்ரப்பர் அடி கொண்ட எம்.சி.ஆர். செருப்பு. வெறுங்கால் கூடவே கூடாது. கிரிவலம் 14 கி.மீ. நடந்தால் இந்தப் பயிற்சிக்கு ஈடாகுமே என்று கேட்பவர்கள் உண்டு. ரத்தம் குறைந்த, உணர்ச்சியும் குறைந்த பாதத்தில் தார்ச்சாலைச் சூடும் ஒரு சிறு கல்லும் போதும். அந்தப் புண்ணை ஆற்ற இந்தப் பக்கவழியால் முடியாது.

கால் சில்லிடுகிறது என்று வெந்நீர்ப் பை வைக்காதீர்கள். நல்ல காலில் சூடு பட்டால் ரத்த ஓட்டம் கூடி வெப்பத்தை எடுத்துப் போய்விடும். இந்தக் காலில் அது நடக்காது, தோல் வெந்துவிடும். பருத்திக் காலுறை போதும். வெரிகோஸ் வெயினுக்கு விற்கும் இறுக்கக் காலுறையை ஏ.பி.ஐ. பார்க்காமல் போடக் கூடாது, 0.5-க்குக் கீழே என்றால் தோலுக்குப் போகும் கொஞ்ச ரத்தத்தையும் அது நெருக்கிவிடும்.

பீடியும் மாத்திரையும்

பீடி, சிகரெட் தொடரும்வரை மேலே சொன்னதெல்லாம் ஓட்டைக் குடத்தில் நீர். புகை உட்சுவர்ச் செல்களைக் கெடுக்கிறது. உரசலை உணர்ந்து குழாயை விரிக்கச் சொல்வதே அந்தச் செல்கள்தான். பெரும்பாலும் 45 வயதுக்குள் புகைப்பவர்களுக்கு வரும் பர்ஜர் நோயில் இது இன்னும் தீவிரம். கை, காலின் சிறிய, நடுத்தரக் குழாய்கள் அடைபட்டு, ஆஞ்சியோவில் பக்கவழிகள் தக்கைத் திருகுபோல் சுருள் சுருளாகத் தெரியும். அழகாகத்தான் இருக்கும், ஆனால் விரல்களைக் காப்பாற்றப் போதாது. அந்த நோயில் நாளைக்கு ஒன்றிரண்டு என்று குறைத்தாலும் நோய் அடங்காது. முழுதாக நிறுத்தினால் காலை இழக்கும் அபாயம் வெகுவாகக் குறைகிறது. மெல்லும் புகையிலைக்கு மாறுவதும் கூடாது.

ஆஸ்பிரின் 75 மி.கி. அல்லது குளோபிடோக்ரல் 75 மி.கி., கூடவே கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் ஆகியவை வலியைக் குறைப்பதற்காகத் தரப்படுவதில்லை. மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுப்பதற்காக. அதனால் “வலி குறையவில்லை” என்று அவற்றை நிறுத்தாதீர்கள். நடக்கும் தூரத்தைக் கூட்டும் மாத்திரை சிலோஸ்டசால்: 100 மி.கி. இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ 2 மணி நேரம் கழித்தோ. தலைவலி, படபடப்பு வரலாம். இதயம் பலவீனமானவர்களுக்கு, அதாவது ஹார்ட் ஃபெயிலியர் உள்ளவர்களுக்கு, இதைக் கொடுக்கவே கூடாது. மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற மாத்திரை அல்ல இது.

‘இயற்கை பைபாஸ்’ என்று விளம்பரமாகும் ஈ.ஈ.சி.பி. பற்றியும் ஒரு வார்த்தை. கால்களில் பட்டை கட்டி, இதயம் ஓய்வெடுக்கும் நேரத்தில் காற்றால் இறுக்குவது. வழக்கமாக ஒரு மணி நேரம் வீதம் 35 தடவை. தீராத நெஞ்சுவலிக்கு அது ஒரு வழியாக ஏற்கப்பட்டிருக்கிறது. அடைப்பைக் கரைப்பதில்லை. காலில் கடுமையான தமனி அடைப்பு உள்ளவருக்குக் காலையே இறுக்கும் சிகிச்சை ஆகாது. பணம் கட்டும் முன் உங்கள் ஏ.பி.ஐ. எண்ணை அவர்களிடம் காட்டுங்கள்.

12 வாரம் கழித்து

நடக்கும் தூரத்தை ஒப்பிடுங்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், வலியில்லாமல் நடக்கும் தூரம் சராசரியாக 80 மீட்டருக்கு மேலும், மொத்தத் தூரம் சுமார் 120 மீட்டரும் கூடியிருக்கிறது. பஸ் ஸ்டாப் வரை நிற்காமல் போகிறவராக மாற அது போதும். இங்கே ஓர் உண்மையை மறைக்கக் கூடாது: தூரம் கூடியவர்களில் பலருக்கு ஏ.பி.ஐ. எண் அசையவே இல்லை. பக்கவழி அகலமானது பலனில் ஒரு பகுதிதான். அதே ரத்தத்தில் அதிக வேலை செய்யத் தசை பழகிக்கொள்வதும், நடையின் லயம் சீராவதும் மீதி. நடக்கவே முடியாதவர்கள் கையால் சுற்றும் சைக்கிளில் பயிற்சி செய்தபோதும் அவர்களின் நடைத் தூரம் கூடியதை இப்படித்தான் புரிந்துகொள்ள முடியும். ஆகவே எண் மாறவில்லை என்று சோர வேண்டாம். பயிற்சியை விட்டுவிட்டால் சம்பாதித்த தூரம் மெல்லக் கரையும் என்பதால் வாரம் இரண்டு நாளாவது தொடருங்கள்.

12 வாரமும் ஒழுங்காக நடந்து தூரம் நகரவில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டூப்ளெக்ஸ் ஸ்கேன், ஆஞ்சியோ, ஸ்டென்ட் பற்றிப் பேசலாம். அப்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஸ்டென்ட் வைத்தால் ஆழ்தொடைத் தமனியின் வாய் மறைபடுமா? நாளைக்கே ஸ்டென்ட் அடைத்தாலும் காலைத் தாங்கப்போவது அந்தக் கிளைதான்.

திடீரென்று அடைத்தால்

பக்கவழி வளர வாரங்கள் வேண்டும். மெதுவாக அடைத்துவந்த காலில் கடைசித் துளை மூடியது பலருக்குத் தெரிவதுகூட இல்லை. ஆனால் இதயத்துடிப்பு ஒழுங்கற்றவருக்கோ, வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவருக்கோ இதயத்திலிருந்து ஒரு ரத்தக்கட்டி கிளம்பி நல்ல காலில் போய்ச் செருகினால், அங்கே தயாராக எந்தப் பக்கவழியும் இருக்காது. திடீர் வலி, வெளிறிய கால், சில்லிப்பு, நாடி இல்லாமை, மரமரப்பு, விரலை அசைக்க முடியாமை ஆகியவை இதன் அடையாளங்கள். கடைசி இரண்டும் வந்துவிட்டால் நேரம் மிகக் குறைவு. சுமார் 6 மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்பாவிட்டால் தசை சாகத் தொடங்கும். எண்ணெய் தேய்க்காதீர்கள், வெந்நீர் ஒத்தடம் வேண்டாம், காலைத் தலையணை மேல் உயர்த்தாதீர்கள். உடம்பின் மட்டத்திலோ சற்றுத் தாழ்வாகவோ வைத்து, போர்வையால் தளர்வாக மூடி, ரத்தநாள அறுவைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் வழியில் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் கொடுக்க வேண்டாம். வலி தொடங்கிய மணியை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்; அங்கே கேட்கப்படும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று.